வலைக்கு முன்னால் ஒரு பிழைப்பு: ஐஸ் ஹாக்கி கோல் காவலரைப் புரிந்துகொள்ள

டொரோண்டோவில் படிக்கும் என் அக்காள் மகன் விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் ஊரான பகாவ் வந்தபோது ஒரு கறுப்பு வட்டைக் கொண்டு வந்தான். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிப்பது இதைத்தான். அங்கே 'பக்' என்பார்கள். நான் வட்டு என்றே எழுதுகிறேன். உள்ளங்கை அகலம், ஒரு அங்குலக் கனம், எடை சுமார் 160 கிராம். ரப்பர்த் தோட்டத்தில் பல வருடம் பால்மரம் வெட்டிய என் அம்மா அதைக் கையில் வாங்கி, நகத்தால் கீறிப் பார்த்து, மூக்கருகே கொண்டு போனார். "ரப்பர்னு சொல்ற, கல்லு மாதிரி இருக்கே" என்றார். ரப்பர்தான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்தது. ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறைய வைக்கவும் செய்கிறார்கள், தரையில் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக.

அன்று மாலை அந்த வட்டு எங்கள் சாலையோர ஒட்டுக்கடை மேசைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து கைப்பேசியில் ஒரு கோல் காவலரின் காணொளி, அப்புறம் பேச்சு. "வலையே இத்தனூண்டு, ஒரு குண்டு ஆளை நிறுத்தினால் போதாதா?" என்றார் ஒருவர். "எல்லாம் கை வேகம்தான்" என்றார் இன்னொருவர். "வெளியே பெஞ்சில் இன்னொரு கீப்பர் உட்கார்ந்திருக்கிறாரே, சும்மா சம்பளம் வாங்குகிறாரா?" என்று மூன்றாவது கேள்வி. தோட்டக் குழுவுக்குத் திடல் ஹாக்கியில் பல வருடம் கோல் காத்தவன் நான். இந்த மூன்று பேச்சும் இந்தத் தொழிலைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் வருகிறவை. அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எவ்வளவு வலை, எவ்வளவு நேரம்

காற்பந்து கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நாம் ஆடும் திடல் ஹாக்கியில் 3.66க்கு 2.14. ஐஸ் ஹாக்கியில் வெறும் 1.83க்கு 1.22 மீட்டர். பரப்பளவைக் கணக்கிட்டால் ஒரு காற்பந்து கோலுக்குள் எட்டு ஐஸ் ஹாக்கி கோல்கள் அடங்கும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு இது சுலபமான வேலையாகத் தெரிகிறது.

ஆனால் வட்டு வரும் வேகத்தைப் பாருங்கள். 2012-ல் திறன் போட்டி ஒன்றில் ஸ்டெனோ சாரா என்ற தடுப்பாட்டக்காரர் அடித்த அடி மணிக்கு 175 கிலோமீட்டர். அது அபூர்வம். சாதாரணமாக ஒரு நல்ல அடி 150 என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் தூரத்திலிருந்து அடித்தால் வட்டு வலையை அடைய 0.24 வினாடி ஆகும். கண் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கை அசையத் தொடங்கவே மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 வினாடி தேவை. மிச்சம் 0.04 வினாடி. அந்த நேரத்துக்குள் கையை மூலைக்கு நீட்ட யாராலும் முடியாது.

அப்படியென்றால் எப்படித் தடுக்கிறார்கள்? வட்டு கிளம்பும் முன்பே வேலையில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. அடிப்பவரின் மட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோள் எப்படிச் சாய்கிறது, வட்டு மட்டையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் படித்துக்கொண்டே, நிற்க வேண்டிய இடத்துக்குக் காவலர் முன்கூட்டியே போய்விடுகிறார்.

மெழுகுவத்தியும் கையும்

நிற்க வேண்டிய இடம் எது? இதைப் புரிந்துகொள்ள ஒரு மெழுகுவத்தி போதும். சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீடுகளில் மின்சாரம் போன இரவுகளில் சுவரில் கை நிழலால் மான், நாய் என்று காட்டி விளையாடியிருப்போம். கையைச் சுவரோரமாக வைத்தால் நிழல் சின்னது. சுடருக்கு அருகே கொண்டு போகப் போக நிழல் பெரிதாகி, கடைசியில் சுவரையே மூடிவிடும்.

இப்போது வட்டைச் சுடராகவும், காவலரைக் கையாகவும், வலையைச் சுவராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். நிழல் விழாமல் வெளிச்சமாக இருக்கும் இடமெல்லாம் கோல் விழக்கூடிய இடம். காவலர் வலையோடு ஒட்டி நின்றால் நான்கு மூலையிலும் வெளிச்சம் இருக்கும். இரண்டு அடி முன்னால் வந்தால் அதே உடம்பு இன்னும் அதிகம் மறைக்கும். இப்படி வட்டை நோக்கி முன்னேறி, தெரியும் வலையைச் சிறிதாக்குவதைத்தான் 'கோணத்தை அடைப்பது' என்கிறார்கள்.

சரி, அப்படியானால் எப்போதும் முன்னால் வந்து நிற்கலாமே? முடியாது. கையைச் சுடருக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, யாரையாவது அந்த மெழுகுவத்தியைச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். நிழல் சுவரை விட்டே வெளியே ஓடிவிடும். ஆட்டத்தில் அதற்குப் பெயர் பாஸ். முன்னால் வந்துவிட்ட காவலரைக் கடந்து வட்டு இன்னொருவருக்குப் போனால், பின்னால் இருப்பது திறந்த வலை. அதனால் ஒவ்வொரு வினாடியும் அவர் ஒரு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்: எவ்வளவு முன்னால் போவது, எவ்வளவு பின்னால் இருப்பது. ஒரு ஆட்டத்தில் 60 நிமிடமும் இதே பேரம்.

குண்டு ஆள் யோசனை இங்கேதான் உடைகிறது. அசையாத வட்டுக்கு முன்னால் பெரிய உடம்பு உதவும். ஆனால் வட்டு பக்கவாட்டில் பறக்கும்போது, ஸ்கேட் என்ற அலகு வைத்த காலணியின் ஓரத்தை ஐஸில் ஊன்றி, ஒரு உந்தலில் வலையின் மறுகோடிக்குப் போய், நின்று, மறுபடியும் நேராகத் திரும்ப வேண்டும். காலில் கட்டும் பட்டையின் அகலத்துக்கும் வரம்பு இருக்கிறது, 11 அங்குலம். ஆளை அகலமாக்கி ஏமாற்ற விதி விடாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வலை சிறியது, நேரம் அதைவிடச் சிறியது. ஆகவே கை வேகத்தைவிட நிற்கும் இடமே முதல் தற்காப்பு.

முகமூடி இல்லாத காலமும் முட்டி போடும் காலமும்

பழைய காவலர்கள் பெரும்பாலும் நின்றபடியே ஆடினார்கள். அதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: முகத்தில் எதுவும் அணியவில்லை. அந்த வட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை நினைத்தாலே வயிற்றைப் பிசையும். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில், மொண்ட்ரியால் குழுவின் காவலர் ஜாக் பிளாண்ட் முகத்தில் ஒரு அடி பட்டு மூக்குப் பக்கம் கிழிந்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். பயிற்சியில் அணியும் முகமூடியைப் போட்டால்தான் திரும்ப வருவேன் என்றார். பயிற்றுநருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் குழுவில் இரண்டாவது காவலர் கிடையாது, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து முகமூடி மெல்ல மெல்ல எல்லாருக்கும் வந்தது. அதே காலத்தில் கிளென் ஹால் என்பவர் முகமூடியே இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பது அவருக்கு வழக்கமாக இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு அந்த வாந்தியும் அந்த 502-ம் ஒரே விஷயமாகத்தான் படுகிறது. பயம் இல்லாதவர் அல்ல அவர். பயத்தோடு தினமும் வேலைக்கு வந்தவர்.

முகம் பாதுகாப்பானதும் தலையைத் தாழ்த்த முடிந்தது. இரண்டு முட்டியையும் ஐஸில் போட்டு, முட்டிக்குக் கீழே கால்களை இருபுறமும் விரித்து, வலையின் கீழ்ப் பகுதி முழுவதையும் அடைக்கும் முறை பரவியது. சிறகு விரித்த மாதிரி இருப்பதால் அதற்குப் 'பட்டாம்பூச்சி' என்று பெயர். ஹால் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1980-களின் நடுவில் வந்த பாட்ரிக் ருவா அதை உலகம் முழுக்கப் பரப்பினார். காரணம் எளிது: நிறைய அடிகள் தாழ்வாகவே வருகின்றன. கீழே மூடிவிட்டால் மேலே இருப்பதைக் கையும் தோளும் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. நம் தொடை எலும்பு இடுப்பில் சேரும் மூட்டு அப்படித் திரும்புவதற்காக அமைந்ததல்ல. ஒரு பயிற்சியில் பல பத்து தடவை விழுந்து எழுந்து, வருடக்கணக்கில் இதையே செய்தால் இடுப்பு தேயும், தொடையிடுக்குத் தசை கிழியும். கோல் காவலர்களின் தொழில் வாழ்க்கை முடிகிற இடம் பல சமயம் அந்த இடுப்புதான்.

பால் எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்தால்

அடுத்தது, நல்ல காவலர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "ஆறு கோல் விட்டுட்டான், மோசம்" என்பது கடைப் பேச்சு.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரில் இரண்டு பேர் ஒரே அளவு பால் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே கணக்கா எழுதுவார்கள்? இல்லை. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்துத்தான் எழுதுவார்கள். மழை நீர் கலந்த பால் வாளி நிறைய இருந்தாலும் ரப்பர் குறைவு.

காவலருக்கும் அப்படி ஒரு விழுக்காடு உண்டு. வலையை நோக்கி வந்த அடிகளில் எத்தனையைத் தடுத்தார் என்பதுதான் அது. 'தடுப்பு விகிதம்' என்று வைத்துக்கொள்வோம். 40 அடி வந்து 4 கோல் விட்டவர் 36-ஐத் தடுத்தார், அதாவது .900. இன்னொருவருக்கு 15 அடிதான் வந்தது, 2 கோல் விட்டார், அதாவது .867. கோல் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாமவர் நல்லவர். விகிதத்தைப் பார்த்தால் முதலாமவர். முதலாமவருக்கு முன்னால் ஆடிய தடுப்பாட்டக்காரர்கள்தான் ஓட்டை.

.900-க்கும் .920-க்கும் வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஒரு பருவத்தில் 50 ஆட்டம், ஆட்டத்துக்கு 30 அடி என்றால் மொத்தம் 1,500 அடி. .900 காவலர் 150 கோல் விடுவார், .920 காவலர் 120. முப்பது கோல் வித்தியாசம். ஒரு கோலில் முடிவாகும் ஆட்டங்கள் நிறைந்த விளையாட்டில் அது ஒரு குழுவின் தலையெழுத்தையே மாற்றும். இப்போதெல்லாம் எங்கிருந்து, எப்படி அடித்தார்கள் என்பதையும் சேர்த்து எடை போடுகிறார்கள். பால் அளக்கும் கருவி இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பெரட்டில் காத்து நிற்பவர்

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் விடியாத நேரத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மர நிரைக்கும் ஒரு ஆள் இருக்கிறார். ஓரத்தில் ஒருவர் உளியைத் தீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கென்று நிரை கிடையாது. யாருக்காவது காய்ச்சல் வந்து வராமல் போனால் அந்த நிரை அவருக்கு. வந்துவிட்டால் அவர் வேறு ஏதாவது வேலைக்குப் போக வேண்டும். கூப்பிடுவார்களா என்று தெரியாமல், கூப்பிட்டால் தயாராக இருக்க வேண்டும். என் அம்மா அப்படி இரண்டு வருடம் நின்றிருக்கிறார். அந்த இரண்டு வருடத்தில் உளி கூர் மழுங்கிய நாள் ஒன்றுகூட இல்லை என்று இன்றும் சொல்வார்.

ஐஸ் ஹாக்கியின் மேல்தட்டு, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக். சுருக்கமாக என்.எச்.எல். அதில் 32 குழுக்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு காவலர்களை உடுப்போடு தயார் நிலையில் வைக்க வேண்டும் என்பது 1965-66 பருவத்திலிருந்து விதி. 32-ஐ இரண்டால் பெருக்கினால் 64. உலகம் முழுவதற்கும் அந்த மேல்தட்டில் 64 இடம். ஓடி ஆடும் ஆட்டக்காரர்கள் முறைக்கு முறை மாறி மாறி இறங்குவார்கள், ஆட்டத்துக்கு 18 பேர். காவலர் ஒருவர்தான் வலைக்கு முன்னால் நிற்க முடியும். முதன்மைக் காவலர் ஆரோக்கியமாக இருந்தால் மாற்றுக் காவலருக்குப் பருவத்தில் இருபது, முப்பது ஆட்டங்கள் கிடைக்கலாம். மற்ற இரவுகளில் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். ஆனால் பயிற்சியில் அதிக அடிகளை வாங்குவது அவர்தான். முதன்மைக் காவலர் மூன்று கோல் விட்டுத் தடுமாறினால், உடம்பு ஆறிக் கிடக்கும் அந்த மனிதர் அடுத்த நிமிடமே உள்ளே போக வேண்டும்.

அந்த 64-க்குக் கீழே இரண்டாம் தட்டு லீக், அதற்கும் கீழே இன்னொன்று, அப்புறம் ஐரோப்பிய லீக்குகள். மேலும் கீழுமாக அலைகிறவர்களுக்குப் பெரும்பாலும் 'இருநிலை ஒப்பந்தம்' இருக்கும். மேல்தட்டில் இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே இறக்கப்பட்ட நாளுக்கு அதைவிட மிகக் குறைந்த சம்பளம். காலையில் பேருந்தில் சின்ன ஊருக்குப் போகிறவர் இரவில் விமானம் ஏறிப் பெரிய மைதானத்துக்கு வரலாம். மறு வாரம் திரும்பவும் பேருந்து.

இரண்டு காவலருக்குமே அடிபட்டுவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 22, டொரோண்டோ. கெரோலைனா குழுவின் இரண்டு காவலர்களும் ஒரே ஆட்டத்தில் காயப்பட்டார்கள். அவசரத்துக்கென்று அரங்கில் உட்கார வைக்கப்பட்டிருந்த டேவிட் அயர்ஸ் உள்ளே அழைக்கப்பட்டார். வயது 42. ஐஸ் தரையைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுவது அவர் வேலைகளில் ஒன்று. தன் தாயிடமிருந்து சிறுநீரகம் பெற்றுக்கொண்டவர். முதலில் வந்த இரண்டு அடிகளும் உள்ளே போயின. அடுத்த எட்டையும் தடுத்தார். கெரோலைனா 6-3 என்று வென்றது. இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் அதற்கு முன் பல நாட்கள் தொழில்முறைக் குழுக்களின் பயிற்சியில் வலைக்கு முன் நின்று அடி வாங்கியவர். உளி தீட்டியே இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். காவலரின் மதிப்பு கோல் எண்ணிக்கையில் இல்லை, தடுப்பு விகிதத்தில் இருக்கிறது. அவருடைய வாய்ப்பு திறமையால் மட்டும் வருவதில்லை, இடம் காலியாவதாலும் வருகிறது. பெஞ்சில் இருப்பதும் வேலைதான்.

ஏன் இவ்வளவு தாமதமாகப் பழுக்கிறார்கள்

என்.எச்.எல். குழுக்கள் வருடா வருடம் பெரும்பாலும் 18 வயது இளைஞர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும். அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். தாக்குதல் ஆட்டக்காரர் 18 வயதிலேயே பளிச்சென்று தெரிவார். காவலர் விஷயத்தில் கணிப்பது கஷ்டம். முன்பு சொன்ன அந்தப் படிக்கும் திறன், மட்டையையும் தோளையும் பார்த்து அடுத்து நடக்கப்போவதை அறிவது, ஆயிரக்கணக்கான அடிகளைச் சந்தித்த பிறகே வருகிறது. ஆட்டமோ அவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது.

2000-ஆம் ஆண்டு டிராஃப்டைப் பாருங்கள். முதல் இடத்தில் எடுக்கப்பட்டவரே ஒரு காவலர், ரிக் டிபியெட்ரோ. 2006-ல் அவருக்கு 15 வருடத்துக்கு 6 கோடியே 75 லட்சம் அமெரிக்க டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அடுக்கடுக்காகக் காயங்கள் வந்தன. 2013-ல் குழு ஒப்பந்தத்தை முறித்துப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டது. அதே டிராஃப்டில் 205-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் ஸ்வீடனின் ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட். ஐந்து வருடம் சொந்த நாட்டிலேயே ஆடி முதிர்ந்து, 2005-ல் நியூயார்க் வந்து, 15 பருவம் அந்த ஒரே குழுவுக்கு ஆடி 459 வெற்றிகள் பெற்றார்.

எனக்கு இன்னும் பிடித்தவர் டிம் தாமஸ். 1994-ல் 217-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். பின்லாந்து, ஸ்வீடன், அமெரிக்காவின் கீழ்த்தட்டு லீக்குகள் என்று சுற்றினார். என்.எச்.எல்.லில் நிலையான இடம் கிடைக்கும்போது வயது 31. 2011-ல், 37 வயதில், பாஸ்டன் குழுவோடு என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றார். இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்தப் பருவத்தில் அவர் தடுப்பு விகிதம் .938. செக் நாட்டின் டொமினிக் ஹாஷெக் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி. 1983-ல் 199-ஆவது இடம். முப்பதை நெருங்கும்போதுதான் முதன்மைக் காவலர் ஆனார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்குத் தங்கம் கொண்டு வந்தார்.

நமக்கும் இது புதிதல்ல. பக்கத்துத் தம்பினில் பிறந்த எஸ்.குமார் 2018 ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிரான பெனால்டி சுற்றில் மலேசிய ஹாக்கி வலையைக் காத்து இறுதிக்குக் கொண்டு போனபோது அவருக்கு 38 வயது. ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட காற்பந்துக் காவலர் ஆர்.ஆறுமுகத்தைப் பற்றி எங்கள் அப்பா தலைமுறை இன்றும் பேசுகிறது. கோல் காவலரை மதிக்கத் தெரியாத ஊர் அல்ல இது.

நம் பக்கத்தில் ஐஸ்

மலேசியாவில் ஐஸ் ஹாக்கி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2017-ல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசிய (சீ) விளையாட்டில்தான் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பிலிப்பீன்ஸ் தங்கம் வென்றது. சன்வே பிரமிட் பேரங்காடியில் ஐஸ் தளம் பல வருடமாக இருக்கிறது. பகாவிலிருந்து அங்கே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காவலரின் உடுப்பும் பட்டையும் விலை அதிகம், அதை மறைக்க முடியாது. ஆனால் கோணத்தை அடைக்கப் பழக ஐஸ் வேண்டியதில்லை. திடல் ஹாக்கியிலும் அதே கணக்குதான்.

அன்று கடையில் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கடைக்காரர் மகன், படிவம் இரண்டு படிக்கிறான், பள்ளிக் குழுவுக்குக் கீப்பர். அவன் மட்டும் கைப்பேசியை வாங்கி, அதே காணொளியை அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினான். "வட்டிலிருந்து ரெண்டு கம்பத்துக்கும் கோடு போடு" என்றேன். திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தான், இன்னொரு கோடு இழுத்தான். காவலரின் உடம்பு இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய முழுவதையும் நிரப்பியிருந்தது. இடது தோளுக்கு மேல் மட்டும் ஒரு கை அகலம் மிச்சம்.

"அங்கிள், இந்த ஒரு இடம்தான் இருக்கு. அதுவும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு, கை ஏற்கெனவே அங்கதான் வச்சிருக்கார்" என்றான். காணொளியைத் திரும்ப ஓடவிட்டோம். வட்டு நேராக அந்தக் கைக்குள் போய் விழுந்தது.